நிச்சயதார்த்த மோதிரத்துக்கு எந்த வடிவ வைரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் குமரி மாவட்டத்தில் நிச்சயதார்த்த மோதிரம் என்றால் முன்பெல்லாம் அரைப் பவுனில் ஒரு தங்க மோதிரம். உள்பக்கம் பெயரும் தேதியும். வைரம் மூக்குத்திக்கும் தோட்டுக்கும் உரியது. இப்போது மார்த்தாண்டம், தக்கலை, களியக்காவிளை என்று எல்லாப் பக்கத்திலிருந்தும், கேரள எல்லைக்கு அப்பால் பாறசாலையிலிருந்தும் வரும் பிள்ளைகள் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, "இந்த ஷேப் கிடைக்குமா?" என்று கேட்கிறார்கள். நாகர்கோவிலில் நகைக்கடை வேலைக்கு வந்து எனக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அப்பா வடசேரியில் கோயில் நகைகளுக்குக் கல் பதித்தவர். கல்லை எடுத்துக் காட்டுவதற்கு முன்னால் அதைப் போடப்போகிற கையைப் பார்க்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்தவர் அவர். வாரத்துக்கு நாலு பேராவது கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

வடிவமும் கட்டிங்கும் ஒன்றுதானே?

இல்லை. மேலிருந்து பார்க்கும்போது தெரியும் உருவம்தான் வடிவம்: வட்டம், சதுரம், நீள்வட்டம், துளி. அந்த உருவத்துக்குள் பட்டைகள் எந்தக் கோணத்தில், எவ்வளவு துல்லியமாகத் தீட்டப்பட்டிருக்கின்றன என்பது கட்டிங். ஒரே வட்டத்தில் கண்ணைப் பறிக்கும் கல்லும் உண்டு, சோடா பாட்டில் கண்ணாடி போல் கிடக்கும் கல்லும் உண்டு.

வைரத்துக்குள் நுழையும் ஒளி மிகவும் வளைகிறது. அதன் ஒளிவிலகல் எண் 2.42, கண்ணாடிக்குச் சுமார் 1.5தான். அடிப்பக்கப் பட்டைகள் சரியான கோணத்தில் இருந்தால் நுழைந்த ஒளி உள்ளேயே இரண்டு முறை எதிரொளித்து மேல்வழியாக நம் கண்ணுக்குத் திரும்பும். கல் ஆழம் குறைந்தோ கூடியோ போனால் அடிவழியாகக் கசிந்துவிடும். வட்டக் கல்லுக்கு இந்தக் கோணங்களை 1919-ல் மார்செல் டோல்கோவ்ஸ்கி என்பவர் கணக்குப் போட்டு வெளியிட்டார். இன்று வரும் வட்டக் கற்கள் அந்தக் கணக்கின் வழி வந்தவை.

வடிவம் உங்கள் விருப்பம். கட்டிங்கில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். எடையில் பத்து சென்ட் குறைந்தாலும் பரவாயில்லை, நல்ல கட்டிங் வாங்குங்கள்.

சென்ட் என்றால் என்ன?

நிலத்துச் சென்ட் அல்ல. ஒரு காரட் 200 மில்லிகிராம். அதை நூறாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு சென்ட். 50 சென்ட் கல் என்றால் அரைக் காரட், அதாவது கிராமில் பத்தில் ஒரு பங்கு. தங்கத்துக்குச் சொல்லும் 22 காரட், 18 காரட் என்பவை தூய்மையின் அளவு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எதை முதலில் முடிவு செய்வது: பணமா, எடையா, வடிவமா?

பணத்தை வீட்டிலேயே முடிவு செய்துவிட்டு வாருங்கள். கடைக்கு வந்ததும் மோதிரத்தைப் போடப்போகிறவர் தினமும் என்ன வேலை செய்கிறார் என்பதைச் சொல்லுங்கள். எடை கடைசியில் வரட்டும்.

வேலையைக் கேட்பது எதற்கென்றால், இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு செவிலியர் இருக்கிறார். திருவனந்தபுரத்திலோ குவைத்திலோ லண்டனிலோ வேலை. ஒரு ஷிப்டில் எத்தனை முறை கையுறை மாற்றுவார் என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். உயரமாகத் தூக்கிக் கட்டிய கல்லும் கூர்முனை வடிவமும் கையுறையைக் கிழிக்கும். அப்படிப்பட்ட கைக்கு வட்டம் அல்லது நீள்வட்டம், தாழ்வாக, கல்லைச் சுற்றி முழுவதும் தங்க விளிம்பு வைத்துக் கட்டியதாக இருக்க வேண்டும். பேக்கரியில் மாவு பிசைகிறவருக்கும், ரப்பர் தோட்டத்தில் கத்தி பிடிக்கிறவருக்கும், சிறு குழந்தைகளைத் தூக்கி இறக்கும் ஆசிரியைக்கும் இதே ஆலோசனைதான். வங்கியில் கணினி முன் அமர்ந்திருப்பவர் எந்த வடிவத்தையும் போடலாம்.

வட்டம் மட்டும் ஏன் விலை அதிகம்?

பூமியிலிருந்து எடுக்கும் நல்ல கச்சா வைரம் பெரும்பாலும் இரண்டு பிரமிடுகளை அடியோடு அடி ஒட்டிவைத்தது போல எட்டு முகத்தோடு இருக்கும். அதிலிருந்து வட்டத்தைச் செதுக்கினால் பாதி எடையோ அதற்கு மேலோ தூளாகப் போய்விடும். அதே கச்சாக் கல்லில் சதுரமான பிரின்சஸ் வடிவம் எடுத்தால் இழப்பு குறைவு. அந்தத் தூளுக்கும் சேர்த்துத்தான் வட்டத்தில் பணம் கொடுக்கிறோம். எப்போதும் தேவை அதிகமாக இருப்பதும் ஒரு காரணம்.

கொடுக்கும் பணத்துக்குப் பலன் இருக்கிறது. 57 பட்டைகள் கொண்ட வட்டக் கல்லில் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒளி ஒரே சீராக வரும். சுமாரான நிறத்தையும் சிறு புள்ளிகளையும் அந்த மினுக்கமே மறைத்துவிடும். ஜி.ஐ.ஏ. என்ற அமெரிக்க ரத்தினப் பரிசோதனை நிறுவனத்தின் சான்றிதழில் கட்டிங்குக்குத் தரம் போட்டு வருவதும் வட்டத்துக்குத்தான். மற்ற வடிவங்களின் சான்றிதழில் பாலிஷும் சிம்மெட்ரி என்ற சமச்சீரும் மட்டும் இருக்கும். கட்டிங் நல்லதா என்பதை உங்கள் கண்தான் சொல்ல வேண்டும். எதை வாங்குவது என்று குழப்பமாக இருப்பவர், கல்லை நேரில் பார்க்க வழியில்லாமல் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிறவர், இந்த இருவருக்கும் நான் வட்டத்தையே சொல்வேன்.

அதே பணத்தில் கொஞ்சம் பெரிதாகத் தெரிய வேண்டுமே?

நீளமான வடிவத்துக்குப் போங்கள். 50 சென்ட் எடையை எடுத்துக்கொள்வோம். வட்டம் சுமார் 5.1 மில்லிமீட்டர் விட்டம். பிரின்சஸ் சுமார் 4.4 மில்லிமீட்டர் சதுரம். எடையின் பெரும்பகுதி ஆழத்தில் போய்விடுவதால் மேலே சிறிதாகத் தெரியும். நீள்வட்டம் சுமார் 6-க்கு 4. படகு போல இரு முனையும் கூரான மார்க்கீஸ் சுமார் 8-க்கு 4. தராசில் எல்லாம் ஒன்று, விரலில் எல்லாம் வேறு.

தாளில் இந்த அளவுகளை வரைந்து, கத்தரித்து, விரல் மேல் வைத்துப் பாருங்கள் என்று சொல்வேன். பள்ளிக்கூட வேலை மாதிரி இருக்கும். ஆனால் ஒரு காரட் வேண்டும் என்று பிடிவாதமாக வந்த எத்தனையோ பேர் அந்தக் காகிதத் துண்டைப் பார்த்துவிட்டு 60 சென்ட் நீள்வட்டத்தோடு நிறைவாகப் போயிருக்கிறார்கள்.

இன்னொன்று: 50 சென்ட், ஒரு காரட் என்ற முழு எண்களைத் தொடும் இடத்தில் காரட் விலையே ஒரு படி ஏறும். 46 சென்ட்டும் 50 சென்ட்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

நீள்வட்டக் கல்லின் நடுவில் கறுப்பாக நிழல் தெரிகிறது. கல்லில் குற்றமா?

குற்றம் இல்லை. ஆனால் கவனித்துக் கேட்டீர்களே, அது நல்லது. நீள்வட்டம், துளி, மார்க்கீஸ் மூன்றிலும் குறுக்கே, நடுவில் ஒடுங்கி இருபுறமும் விரிந்து, சிறகு விரித்த பட்டாம்பூச்சி போல ஒரு நிழல் இருக்கும். கடைகளில் இதை 'போ டை' என்பார்கள். நீளமான கல்லின் நடுப் பட்டைகள் அதைக் குனிந்து பார்க்கிற உங்கள் தலையின் நிழலையே திருப்பிக் காட்டுகின்றன. அதனால் நீளக் கற்களில் இது கொஞ்சமும் இல்லாமல் இருப்பது அபூர்வம். எவ்வளவு இருக்கிறது என்பதுதான் கேள்வி.

பார்க்கும் முறை இது. கல்லை வெள்ளைத் தாள் மேல் வைத்து, கண்ணிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடியுங்கள். மெல்ல இடமும் வலமும் சாய்த்துப் பாருங்கள். சாய்க்கும்போது நிழல் உடைந்து, அங்கங்கே ஒளி பூத்து, மறுபடி கூடினால் அது உயிருள்ள கல், தாராளமாக வாங்கலாம். எப்படிச் சாய்த்தாலும் நடுவில் மை தடவியது போல அந்தக் கறுப்பு அசையாமல் நின்றால் வைத்துவிடுங்கள். சான்றிதழ் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் வேண்டாம். இந்த நிழலைப் பற்றிச் சான்றிதழில் ஒரு வரியும் வராது. இணையத்தில் பார்த்து வாங்குகிறவர்கள் படத்தை நம்பாமல் கல்லைச் சாய்த்துக் காட்டும் வீடியோவைக் கேட்டு வாங்குங்கள்.

நீள அகல விகிதத்தையும் பாருங்கள். நீள்வட்டத்துக்கு 1.35 முதல் 1.5 வரை கண்ணுக்கு இதமாக இருக்கும். அதற்குக் குறைந்தால் வட்டம் நசுங்கியது போலத் தோன்றும்.

வைரம் உடையாது என்கிறார்களே. பிரின்சஸ் மூலை பெயர்ந்துவிடும் என்று பயமுறுத்துவது ஏன்?

இன்னொரு வைரத்தைத் தவிர வேறெதுவும் வைரத்தைக் கீறாது. உடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கடினம் வேறு, உறுதி வேறு. மோஸ் அளவுகோலில் 10 என்பது கீறலைத் தாங்கும் திறன் மட்டுமே. வைரப் படிகத்துக்குள் நான்கு திசைகளில் பிளவுத் தளங்கள் இருக்கின்றன. விறகில் நார் ஓடும் வாக்கில் கோடரி விழுந்தால் எப்படிப் பிளக்கிறதோ, அப்படி அந்தத் திசையில் சரியாக ஓர் அடி விழுந்தால் வைரமும் பிளக்கும்.

இதை நான் எங்கள் வீட்டிலேயே கண்டேன். தங்கைக்கு வாங்கிய மோதிரம் பிரின்சஸ், 40 சென்ட். நான்கு மூலைகளிலும் மெல்லிய உருண்டைக் கம்பி வைத்துக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கல்யாணமான ஐந்தாம் மாதம் ஆட்டுக்கல்லைக் கழுவும்போது கை வழுக்கி இடித்தது. கம்பி ஒதுங்கிய மூலையில் ஒரு கடுகின் பாதி அளவு பெயர்ந்துவிட்டது. விளக்கடியில் லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் அந்த இடம் மட்டும் உடைந்த கற்கண்டு முகம் போலப் படிப்படியாக இருந்தது. அவள் அழுத அழுகை எனக்கு இன்னும் மறக்கவில்லை. கல்லைக் கொடுத்த கடை, உடைப்புக்குப் பொறுப்பில்லை என்று கையை விரித்துவிட்டது.

பிரின்சஸ் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், அழகான வடிவம். மூலைகளை ஆங்கில 'வி' எழுத்துப் போல மடித்த தங்கத் தகடு மூடியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். துளி வடிவத்தின் ஒற்றை முனைக்கும், மார்க்கீஸின் இரண்டு முனைக்கும், இதய வடிவத்தின் அடிக்கும் இதுவே விதி. சதுரம்தான் பிடிக்கும், பயமும் இருக்கிறது என்றால் மூலை மழுங்கிய குஷன் அல்லது மூலை வெட்டிய ரேடியண்ட் வாங்குங்கள்.

எமரால்டு கட்டிங் எப்படி?

படிக்கட்டுப் போல நீளமான பட்டைகள் வைத்த செவ்வகம். மரகதம் எளிதில் உடையும் கல் என்பதால் அதற்காக வந்த வெட்டு இது. மூலைகள் வெட்டப்பட்டிருப்பதும் அதனால்தான். இதே குடும்பத்தில் சதுரமாக வருவது ஆஷர். 1902-ல் ஆம்ஸ்டர்டாமின் ஆஷர் குடும்பத்தார் உருவாக்கியது.

இவை வட்டம் போல மினுமினுக்காது. தெப்பக்குளத்துத் தண்ணீரில் வெயில் விழுவது போல, அகலமாக ஒரு வெளிச்சம் வரும், போகும். அந்த அமைதி பிடித்தவர்களுக்கு வேறெதுவும் பிடிக்காது. ஆனால் அந்தக் குளத்தில் அடி வரை தெரியும். பழைய நூல்கள் வைரத்துக்குச் சொன்ன காகபாதம், களங்கம், விந்து, ரேகை என்ற குற்றங்களில் எது இருந்தாலும் நடுப்பட்டையில் அப்படியே நிற்கும். வட்டத்தில் எஸ்.ஐ.1 தெளிவு போதும் என்று சொல்லும் நான், இதற்கு அதைவிட இரண்டு படி மேலான வி.எஸ்.1-க்குக் கீழே இறங்காதீர்கள் என்பேன். குறைந்த செலவில் முடிக்க நினைப்பவர்களுக்கு இது ஏற்றதல்ல.

என் விரல் குட்டை, தடிமன். எந்த வடிவம் பொருந்தும்?

நீள்வட்டம், துளி, மார்க்கீஸ் மூன்றும் விரல் நீளும் திசையில் கண்ணை இழுத்துச் செல்லும். மெலிந்த நீண்ட விரலுக்குக் குஷனும் வட்டமும் நிறைவாக இருக்கும். இதற்கு மேல் இதில் சட்டம் ஒன்றும் இல்லை. "உங்கள் விரலுக்கு இது எடுக்காது" என்று ஒரு பெண்ணின் முகத்துக்கு நேராகச் சொல்லும் விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

மஞ்சள் தங்கத்தில் கட்டினால் வைரம் மஞ்சளாகத் தெரியாதா?

கொஞ்சம் தெரியும். அதையே நமக்குச் சாதகமாக்கலாம். நிறத் தரம் டி என்பதில் தொடங்கி இசட் வரை போகிறது. டி என்றால் நிறமே இல்லை. பிளாட்டினத்திலோ வெள்ளைத் தங்கத்திலோ கட்டும்போது ஜி-க்கு மேல் வாங்க வேண்டும் என்றால், மஞ்சள் தங்கத்தில் ஐ, ஜே நிறமே வெள்ளையாக நிற்கும். பெருந்தொகை மிச்சமாகும். நீள வடிவங்களில் மட்டும் முனைகளில் நிறம் திரண்டு தெரியும் என்பதால் ஒரு படி உயர்த்தி எச் வாங்குங்கள்.

அம்மாக்கள் 22 காரட்டில்தான் வேண்டும் என்பார்கள். பின்பக்கம் மூடி, சுற்றிலும் தங்கம் அணைத்த பழைய கட்டுக்கு 22 காரட் சரி. நாலு சிறிய கம்பிகள் மட்டும் பிடித்திருக்கும் இன்றைய மோதிரத்துக்கு அது மிருது, கம்பி விலகும். அதற்கு 18 காரட்டே பொருத்தம், நூற்றுக்கு 75 பங்கு தங்கம்.

பாட்டியின் வைரத்தோட்டில் இருந்து ஒரு கல்லை எடுத்து மோதிரம் செய்யலாமா?

செய்யலாம். நான் மனதார விரும்பிச் செய்யும் வேலை இது.

சென்ற ஆண்டு கோட்டாறிலிருந்து ஒரு பெண் வந்தார். கைக்குட்டையில் முடிந்து ஏழுகல் தோடு ஒரு ஜோடி. ஒன்றில் இரண்டு கற்கள் காணவில்லை. "பாட்டி கடைசிவரை கழற்றவே இல்லை. இதில் ஒன்று என் மோதிரத்தில் இருக்க வேண்டும்" என்றார். பின்மூடியைப் பத்தர் மெல்லத் திறந்தபோது, ஐம்பது அறுபது ஆண்டுகளாகச் சேர்ந்த எண்ணெயும் மஞ்சளும் மெழுகு போல உறைந்திருந்தன. வெந்நீரில் கழுவி எடுத்த நடுக் கல்லை வெள்ளைத் தாளில் வைத்தோம். முழு வட்டம்கூட இல்லை, கொஞ்சம் கோணல். மேல்பக்கம் உயரம், மேலே நடுவில் இருக்கும் மேசைப் பட்டை சிறியது, அடிநுனியைக் கூராக விடாமல் தட்டையாகத் தீட்டியிருந்ததால் நடுவில் ஊசித்துளை போல ஒரு சிறு வட்டம் தெரிந்தது. கையால் பார்த்துப் பார்த்துத் தீட்டிய காலத்துக் கல்.

இவற்றை விளக்கொளிக்காகத் தீட்டினார்கள். பளீரென்ற கடை வெளிச்சத்தில் சாதாரணமாகக் கிடக்கும். கடையின் பூஜை அறையில் குத்துவிளக்குக்கு முன்னால் அதைப் பிடித்துக் காட்டினேன்; சிவப்பும் பச்சையுமாகத் தடித்த பொறிகள் தெறித்தன. அந்தப் பெண் அதன்பிறகு புதுக் கல் எதையும் பார்க்கக் கேட்கவில்லை.

கல்லை உங்கள் கண்முன்னே கழற்றச் சொல்லுங்கள், உடனே எடை போட்டு எழுதி வாங்குங்கள். 'இன்றைய கட்டிங்குக்கு மாற்றித் தருகிறோம்' என்றால் சம்மதிக்காதீர்கள். எடையில் கணிசமாகப் போகும், பாட்டியின் கல் என்ற அடையாளமும் போய்விடும். வெயிலில் நீலச் சாயை வீசும் கல்லாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. தென்னாப்பிரிக்க ஜாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்தின் பெயரால் நம் ஊரில் 'புளூ ஜாகர்' என்று போற்றும் வகையாக அது இருக்கலாம். தெரிந்தவர்கள் இருவரிடம் காட்டாமல் அதன் விலையைப் பேசாதீர்கள்.

வடிவத்துக்குத் தோஷம் உண்டா?

வைரத்தைச் சுக்கிரனுக்கு உரியதாகச் சொல்கிறார்கள். மூன்று நாள் தலையணைக்கு அடியில் வைத்துப் பார்த்து வாங்கும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. தெரிந்த வாடிக்கையாளர்களுக்கு நாங்களும் கொடுத்து அனுப்புகிறோம். வடிவத்தை வைத்துத் தோஷம் பார்த்தவரை நான் கண்டதில்லை. பெரியவர்களுக்கு மனக்குறை இருந்தால் கல்லை அவர்கள் கையில் கொடுத்து ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். பாதி தோஷம் அங்கேயே தீர்ந்துவிடும்.

லேப் வைரம் வாங்கலாமா?

ஆய்வகத்தில் வளர்த்த கல் அது. அதுவும் வைரம்தான், அதே கரிமம், அதே கடினம். 1954-லேயே அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் செய்துகாட்டிவிட்டது. நகைத் தரத்தில் தாராளமாகக் கிடைப்பது இப்போதுதான். திருச்சிப் பக்கம் தீட்டும் 'அமெரிக்கன் டைமண்ட்' எனப்படும் ஜிர்கோனியா வேறு பொருள். அதை வைரம் என்று சொல்லக் கூடாது.

லேப் கல்லின் விலை சில ஆண்டுகளாக இறங்கிக்கொண்டே வருகிறது. திருப்பி விற்கலாம், அடகு வைக்கலாம் என்ற எண்ணத்தில் வாங்காதீர்கள். போட்டு மகிழ வேண்டும் என்றால் தாராளமாக வாங்குங்கள். எமரால்டு போலத் தெளிவு நிறைய வேண்டிய வடிவங்களை ஆசைப்பட்டவர்களுக்கு இது நல்ல வழி. பில்லிலும் சான்றிதழிலும் 'லேப்' என்ற சொல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

திருவனந்தபுரம் போய் வாங்கினால் மலிவா?

அதுவரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த எங்கள் மாவட்டம் 1956 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஆனால் கல்யாணம் என்றால் பஸ் ஏறித் திருவனந்தபுரத்துச் சாலை பஜாருக்குப் போகும் பழக்கம் போகவில்லை. அங்கிருந்தும் இங்கே வருகிறார்கள். பவுன் விலை இரு மாநிலத்திலும் சிறிது வேறுபடலாம், நகைக்கான ஜி.எஸ்.டி. இரண்டு பக்கமும் 3 சதவீதம்தான். வைர மோதிரத்தில் தங்கம் மூன்று நான்கு கிராம். அந்த வேறுபாட்டுக்காகக் களியக்காவிளை தாண்ட வேண்டாம். அங்கே நல்ல கல் பார்த்திருந்தால் போங்கள்.

எங்கே வாங்கினாலும் பில்லை வரி வரியாகப் படியுங்கள். இங்கே கூலி, சேதாரம் என்று எழுதுவதை அங்கே பணிக்கூலி என்று எழுதுவார்கள். மோதிரத்தின் மொத்த எடையில் கல்லின் எடையைக் கழித்துவிட்டுத்தான் தங்கத்துக்கு விலை போட வேண்டும். ஐந்து காரட் ஒரு கிராம். கல்லின் எடை, நிறம், தெளிவு, சான்றிதழ் எண் தனி வரியில் இருக்க வேண்டும். அந்த எண் கல்லின் விளிம்பில் லேசரால் பொறிக்கப்பட்டிருந்தால் பத்து மடங்கு லூப்பில் காட்டச் சொல்லுங்கள். தங்கத்தில் பி.ஐ.எஸ். என்ற இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரையும், எழுத்தும் இலக்கமும் கலந்து ஆறு குறிகள் கொண்ட எச்.யு.ஐ.டி. என்ற அடையாள எண்ணும் இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் அது இல்லாமல் ஹால்மார்க் நகையை விற்க முடியாது.

கடையில் ஜொலித்த கல் வீட்டில் மங்கலாக இருக்கிறதே?

கடையின் கூரையில் இருக்கும் நூற்றுக்கணக்கான சிறு விளக்குகள் எந்தக் கல்லையும் ஜொலிக்கவைக்கும். எங்கள் கடையிலும் அப்படித்தான். அதனால், பார்த்து முடித்த இரண்டு மூன்று கற்களோடு வாசலுக்கு வந்து பார்க்க அனுமதி கேளுங்கள். நேர் வெயிலில் வேண்டாம், அதில் கல் கறுத்துத் தெரியும். வாசல் நிழலில், வானத்தின் பொது வெளிச்சத்தில் பாருங்கள். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் எங்கள் ஊரில் வானம் சாம்பல் பூத்துக் கிடக்கும் நாட்கள் வைரம் பார்ப்பதற்கு மிக நல்ல நாட்கள் என்பேன். அந்த வெளிச்சத்திலும் விரலில் உயிரோடு இருக்கும் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வாசலுக்குக் கொண்டுவர மறுத்தால், ஜன்னலருகேயாவது காட்டச் சொல்லுங்கள். அதற்கும் மறுக்கும் கடையில் எனக்கு நம்பிக்கை வராது.

கல்யாண மோதிரத்தோடு சேர்த்துப் போட முடியுமா?

தேவாலயத்தில் மோதிரம் மாற்றும் குடும்பங்கள் இதை முதலிலேயே நினைக்க வேண்டும். ஒரே விரலில் இரண்டு மோதிரம் வரும். கல் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டினால் கல்யாண மோதிரம் ஒட்டி உட்காராது. இடையில் சந்து விழும். கல்யாண மோதிரத்தின் மாதிரி ஒன்றையும் விரலில் போட்டுக்கொண்டே வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். உள்பக்கம் பெயர் பொறிக்க வேண்டும் என்றால் சுற்றிலும் கல் வைத்த வளையத்தை எடுக்காதீர்கள். பெயர் எழுத இடம் இருக்காது.

அவளுக்குத் தெரியாமல் வாங்கி ஆச்சரியப்படுத்த நினைக்கிறேன். அளவு எப்படி எடுப்பது?

தம்பி, அவளையும் அழைத்து வா. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவள் கையில் இருக்கப்போகிற பொருள். வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவளுக்கே உண்டு. ஆச்சரியம்தான் வேண்டும் என்றால் வடிவத்தை அவள் சொல்லட்டும், கல்லை நீ தேர்ந்தெடு. அளவை மாலையில் எடுக்க வேண்டும். எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் காலையில் சரியாக இருக்கும் மோதிரம் மாலையில் இறுகிவிடும்.

எந்த வடிவத்தைப் பராமரிப்பது எளிது?

மூலையும் சந்தும் குறைந்த வட்டமும் நீள்வட்டமும். மற்றபடி எல்லா வைரத்துக்கும் ஒரே பகை, எண்ணெய். வைரம் தண்ணீரைத் தள்ளும், எண்ணெயை இழுத்துக்கொள்ளும். சுரங்கங்களில் கிரீஸ் பூசிய பலகை மீது நொறுக்கிய பாறையைத் தண்ணீரோடு ஓடவிட்டு வைரத்தை மட்டும் பிடித்தெடுத்ததும் இந்தக் குணத்தை வைத்துத்தான். தேங்காயெண்ணெய் தேய்க்கும் தலையும், தேங்காய் அரைத்த மீன்குழம்பும் உள்ள வீட்டில் பத்து நாளில் கல் மங்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, கால் மணி நேரம் ஊறவைத்து, குழந்தைகளின் மிருதுவான பல் துலக்கியால் கல்லின் அடிப்பக்கத்தைத் தேயுங்கள். கழுவுதொட்டியில் வேண்டாம், கிண்ணத்தில் வைத்துக் கழுவுங்கள்.

மாதம் ஒருமுறை மோதிரத்தைக் காதருகே பிடித்து விரலால் தட்டிப் பாருங்கள். கல் ஆடினால் மெல்லிய கிலுகிலுப்பு கேட்கும். கேட்டால் அன்றே கழற்றிவைத்துப் பத்தரிடம் கொண்டுபோங்கள்.

கடலில் குளிக்கும்போது போட்டிருக்கலாமா?

கூடாது. குளிர்ந்த தண்ணீரில் விரல் சுருங்கும், மோதிரம் வழுக்கும். சங்குத்துறைக்கோ முட்டத்துக்கோ போவதாக இருந்தால் வீட்டு அலமாரியிலேயே வைத்துவிட்டுப் போங்கள். கைப்பையில் எடுத்துச் சென்று மணலில் கழற்றிவைக்கலாம் என்றும் நினைக்காதீர்கள்.